ஒரு கன்னம் பழசு, ஒரு கன்னம் புதுசு

சட்டைப் பொத்தான், கதவுத் தாழ்ப்பாள், ஊசிக் காதில் நூல், விளிம்புவரை நிறைந்த தேநீர், மிதிவண்டி, ஒரு மனைவி, இரண்டு அறை கொண்ட சொந்த வீடு: இத்தனையையும் ஆடுகிற கையோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன், அன்று காலை கண்ணாடி முன் நின்று வலது கன்னத்தில் மட்டும் நுரை தடவிக்கொண்டிருந்தான். இடது கன்னத்தை ஏற்கெனவே மழித்தாகிவிட்டது. வலதுக்கு வேறு ரேசர்.

"பாதி மூஞ்சியோட நிக்கிறதை யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

"பரீட்சை நடக்குதுன்னு நினைப்பாங்க."

பரீட்சை ரேசருக்கு. மகள் வாங்கித் தந்த ரேசர் அது. தலை முதல் கைப்பிடி வரை முழு எஃகு. வழக்கமான பிளேடுபோல இரண்டு பக்கமும் கூர் கிடையாது. ஒரே பக்கம் கூர், மறுபக்கம் தடித்த முதுகு. பிளேடு வளையாது, அதிராது, தோலை இழுக்காது என்று மகள் தன் அலுவலகத்தில் இருவரிடம் விசாரித்துவிட்டு வாங்கியிருந்தாள். விலையைக் கேட்ட அவள் அம்மா உட்கார்ந்தேவிட்டாள்.

"இந்தக் காசுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கியிருக்கலாமேடி."

"ஃபேன் வெச்சு ஷேவ் பண்ண முடியாதும்மா. பிடிக்கலைன்னா ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம், போதுமா?"

அந்த ஒரு மாதம் முடியப்போகிற நேரத்தில்தான் அவன் அக்கா வந்து சேர்ந்தாள். தம்பி வீட்டில் சில நாள் தங்கிவிட்டுப் போவது அவள் வழக்கம். அறுபது தாண்டிய ஆளை இன்னும் "டேய்" என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் மிச்சமிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆயுள் முழுக்க ஆயத்த ஆடைப் பட்டறையில் தையல் சரிபார்க்கிற வேலை. துணியின் உள்பக்கம் விரலை ஓட்டினாலே பிரிந்த நூலும் தவறிய தையலும் அவளுக்குத் தட்டுப்பட்டுவிடும். அதனால் வந்த அன்றே தம்பி அவளை நீதிபதி ஆக்கிவிட்டான்.

"கண்ணை மூடிக்கோ. புறங்கையால தடவிப் பாரு. எந்தக் கன்னம் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு. எது எந்த ரேசர்னு நான் சொல்ல மாட்டேன்."

தினமும் பக்கத்தை மாற்றிக்கொண்டான். இன்று வலது புதுசு என்றால் நாளை இடது புதுசு. அக்காவுக்கு மட்டுமில்லை, கேட்ட மகளுக்கும் சொல்லவில்லை. நியாயம் என்றால் நியாயம். எந்தச் சாமான் வாங்கினாலும் அவன் அப்படித்தான். வீட்டுக்கு விளக்கு வாங்கியபோதும் பழைய விளக்கை ஒரு அறையிலும் புதியதை இன்னொரு அறையிலும் மாட்டிவிட்டு ஒரே செய்தித்தாளை இரண்டு இடத்திலும் படித்துப் பார்த்துத்தான் முடிவு சொன்னான்.

அவன் வேலை மோட்டார் காயில் சுற்றுவது. கருகிப்போன மோட்டாரைத் திறந்து, எரிந்த செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருகிற வேலை. பட்டறையில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காயில்' என்றால் அவன்தான். ஆடுகிற கையோடு இந்த வேலையா என்று புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் தயங்குவார்கள். அவர்களுக்கென்றே ஒரு பதில் வைத்திருப்பான்: "கை சும்மா இருந்தாத்தான் சார் ஆடும். இழுத்துப் பிடிக்க ஏதாவது குடுங்க, பொட்டிப் பாம்பா அடங்கிடும்."

அது உண்மை. முறுக்கிழுத்த கம்பியைப் பிடித்தால் கை அசையாது. சுத்தியல், ஸ்பேனர், தண்ணீர்க் குடம், எல்லாம் அவனுக்கு நண்பர்கள். எடை இல்லாதவைதான் விரோதிகள். கரண்டி, சீப்பு, பேனா. பள்ளிக்கூடத்தில் பென்சில் கையில் நிற்காமல் காகிதத்தைக் கிழித்தது. "உனக்குக் கைநாட்டே போதும்" என்று வாத்தியார் சொன்னார், கோபமாகக்கூட இல்லை, சமாதானமாக. பட்டறையில் சேர்ந்த பிறகு சம்பளத்துக்குக் கட்டை விரலை மையில் வைத்துவிட்டு, வீடு வரும்வரை அந்த விரலைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே வருவான். பிறகு ஒருநாள் பேனாவைச் சுற்றிலும் மிச்சமான செம்புக் கம்பியை இறுக்கமாகச் சுற்றிக் கனமாக்கிக்கொண்டான். அந்தப் பேனாவால்தான் இன்றும் எழுதுகிறான். வங்கியில் யாராவது இரவல் கேட்டால் கொடுப்பான். வாங்கியவர்களின் கை ஒருமுறை தாழ்ந்து எழுவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

சவரத்துக்கு அப்பாவின் ரேசர் இருந்தது. பித்தளை, நல்ல கனம். அப்பா போன பிறகு அது அவனுக்கு வந்தது. வருஷக்கணக்காக உழைத்த அதன் திருகு மரை போன வருடம் தேய்ந்துபோய், பிளேடைப் பிடிக்க மறுத்துவிட்டது. கடைசல் கடையில் கொடுத்துப் பார்த்தான். பித்தளை மெலிந்துவிட்டது, மரை போட இடமில்லை என்றார்கள். அதன்பின் பிளாஸ்டிக் ரேசர். காற்றுக்குப் பறந்துவிடும்போல இருக்கிற அது அவன் கையில் குதித்தது. பேனா வித்தையை அதிலும் செய்து பார்த்தான். கைப்பிடியில் கம்பி சுற்றினான். "காலு கனமா இருந்து என்ன பிரயோஜனம், தலை லேசு. சில மனுஷங்க மாதிரி" என்று சொல்லி அவனே பிரித்தும் போட்டான். வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக்கை முகத்தோடு அழுத்திப் பிடித்து ஓட்டப் பழகினான். அப்படியும் காதோரம் ஒருநாள், தாடையில் ஒருநாள் என்று வெட்டு. சட்டைக் காலரில் ரத்தத்தைப் பார்த்த அன்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே சலூன்ல போய் உக்காருங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

சலூன் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்கு மட்டும் காரணம் தெரியும். சின்ன வயதில் அப்பா அவனை அங்கே கூட்டிப்போவார். "ஆடாம உக்காருப்பா" என்பார் கடைக்காரர். ஆடுவது கை மட்டும்தான். ஆனாலும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்ப்பார்கள். போர்த்திய துணிக்குள் அப்பா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே நிற்பார்.

"சலூனுக்குப் போனா என்னடா குறைஞ்சிடும்?" என்று அக்கா இந்தமுறை கேட்டுப் பார்த்தாள்.

"கை முன்னைவிட ஆடுதுக்கா. இவளுக்கும் தெரியும், சொல்ல மாட்டேங்கிறா. இன்னைக்கு மூஞ்சியை ஒருத்தர்கிட்ட குடுத்தேன்னு வை, நாளைக்குச் சட்டைப் பொத்தான். அப்புறம் டம்ளர். ஒவ்வொண்ணா வாங்கினதை ஒவ்வொண்ணா திருப்பிக் குடுக்கணும்."

அதற்குப் பிறகுதான் அக்கா தன் நீதிபதி வேலையை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். கையைக் கழுவித் துடைத்து, கண்ணை மூடி, பட்டறையில் காலரைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். காதோரத்தில் தொடங்கித் தாடை வளைவு வரை, பிறகு மேலுதடு, பிறகு கழுத்து. புதுசு ஜெயிக்கவேண்டும் என்று அவளுக்குள் ஆசை இருந்தது. ஆனால் விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

"நல்லா பாருங்க அத்தை" என்றாள் மகள்.

"பார்த்துட்டேன். வழவழப்புல துளி வித்தியாசம் இல்ல."

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். புது ரேசர் ஓடிய பக்கத்தில், தாடை எலும்புக்குக் கீழே, நீளமாக ஒரு வெட்டு. கிழித்த காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். மனைவி எழுந்துபோய் ரேசரைக் கழுவித் துடைத்து, பிளேடை எடுத்துவிட்டு, அதன் பெட்டியிலேயே வைத்து மூடி, பெட்டியைச் சுற்றி டேப்பும் ஒட்டிவிட்டாள்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. இது அவருக்கு ஒத்துவரல. காசு போனா போகுது, வருது. கழுத்துல பட்டிருந்தா?"

மனைவி சொன்னதில் தப்பே இல்லை. பெட்டி மேசைமேல் இருந்தது. மகள் மறுநாள் எடுத்துப்போவதாக ஏற்பாடு. சாயங்காலம் முழுக்க அவன் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஸ்பேனரால் ஒரு நட்டைத் திருகப்போனவன் பாதியில் நின்றான். ஸ்பேனரை உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பதுபோல மேலும் கீழும் அசைத்தான்.

"நான் ஒரு மடையன்" என்றான் மோட்டாரிடம்.

மறுநாள் விடிந்ததும் டேப் கிழிபடுகிற சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். முகம் கழுவுமிடத்தின் கதவு திறந்தே இருந்தது. முகம் முழுக்க நுரை. கையில் எஃகு ரேசர்.

"டேய், அவ திட்டுவாடா."

"திட்டட்டும். ஒரு வருஷமா பிளாஸ்டிக்கை அழுத்தி அழுத்தியே பழகிட்டேன்க்கா. இதையும் அழுத்தினேன், கடிச்சிடுச்சு. தப்பு அதும்மேல இல்ல. அப்பாவோடதை நான் என்னிக்காவது அழுத்தியிருக்கேனா?"

மூன்று விரலால் கைப்பிடியின் நுனியைப் பிடித்தான். அவ்வளவுதான். ரேசரைக் கன்னத்தின்மேல் வைத்து, தன் எடையிலேயே அது இறங்க விட்டான். சத்தம் வந்தது. காய்ந்த இலைமேல் யாரோ பதமாக நடப்பதுபோன்ற, ஒரே சீரான சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று அக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, பழைய வீட்டுச் சுவரில் அப்பாவின் கண்ணாடி, சோப்பு வாசனை, வாளியில் பிளேடைக் கழுவுகிற ஒலி. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை ஆடுகிறதா என்று பார்த்தாள். முழங்கை லேசாக ஆடியது. ரேசர் ஆடவில்லை.

மனைவியும் வந்து பின்னால் நின்றாள். மகளும் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். கழுத்து, மேலுதடு, முந்தின நாள் வெட்டுக்குப் பக்கத்தில் சுற்றிப்போய் தாடை. முடித்துத் துண்டால் துடைத்தான். ரத்தம் இல்லை. மனைவி கிட்டே போய் அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஷேவ் என்னவோ அதே ஷேவ்தான்" என்றான் அவன். "அந்தக் காசு ஷேவுக்கு இல்ல. கனத்துக்கு."

"அதுக்கு டேபிள் ஃபேனே..." என்று ஆரம்பித்தவள், மேலே சொல்லாமல் கிழிந்து கிடந்த டேப்பைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காலிப் பெட்டி அவளுடைய ஊசி நூலுக்கு ஆயிற்று.

அவன் கிண்ணத்தில் மிச்சமிருந்த நுரையில் ஆள்காட்டி விரலைத் தோய்த்தான். கண்ணாடியின் மேல்மூலையில் விரலை அழுத்தி, தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டான். கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு கோடு. அதன்கீழே ஒரு தேதி.

மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, தேதி தப்பு. வருஷமும் தப்பு."

"சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள் அக்கா.

அந்தத் தேதி, அப்பா வெளியே போயிருந்த ஒரு காலை. அந்தக் கையில் பிளேடு கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்த பித்தளை ரேசரைப் பதினேழு வயதுத் தம்பி எடுத்து, அரும்புத் தாடியை ஒரு கீறல் இல்லாமல் மழித்து முடித்தான். கத்தினால் கை நழுவிவிடுமோ என்று பயந்து, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். பட்டறைச் சம்பளத் தாளில் அவன் பேனா பிடித்தது அதற்கும் அப்புறம். முதலில் இதே நுரை, இதே விரல். கண்ணாடியோடு அழுந்தியதும் அடங்கிய விரல், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அவன் பெயரை எழுதிற்று.

இப்போது அவன் துண்டை நனைத்துக் கண்ணாடி முழுவதையும் துடைத்தான், அந்த ஒரு மூலையைத் தவிர. நுரை மெல்ல வழிந்து இறங்கியும் எண்கள் படிக்கும்படியாகவே இருந்தன: 12.8.1979.