தெற்குக் கோலுக்கு முன்னால் ஒரு பச்சை

அந்தக் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி பயிற்சிக்கு இறங்கினால் மூன்று ஊர் தள்ளி நிற்கும் கோல் கம்பங்கள் தாமாகவே நடுங்கும்; எதிரணிக் கோல்கீப்பர்கள் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்லியாயிற்று. காற்றைப் பாதி இறக்கிவிட்டாலும் மிச்சம் இருப்பது சின்ன விஷயமில்லை. போன சீசனில் இறுதி ஆட்டம் வரை போய், ஒரே ஒரு கோலில் தோற்ற அணி அது. தோற்ற பதினொரு பேரில் ஒருத்திகூட இன்னும் படிப்பை முடிக்கவில்லை. பதினொருவரும் அப்படியே, ஒரு வருடம் ஊறிய கோபத்தோடு, திரும்ப இறங்கப்போகிறார்கள். கோப்பையை வைக்க நூலக வாசலில் கண்ணாடி அலமாரிகூடச் செய்தாகிவிட்டது. கோப்பை வருவதுதான் பாக்கி.

கல்லூரியே கோப்பையை நினைத்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில் ஒரே ஒரு ஆள் மண்ணை நினைத்துக்கொண்டிருந்தார். மைதானக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் ‘சுண்ணாம்பு’தான். இருபத்து மூன்று வருடமாகக் கோடு போடும் வண்டியைத் தள்ளித் தள்ளி, முழங்காலுக்குக் கீழே அவர் எப்போதும் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒரு ஆளை வரைய ஆரம்பித்துக் கால்வரை வந்ததும் வண்ணம் தீர்ந்து எழுந்து போய்விட்டதுபோல இருக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம். சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, செருப்பைக் கழற்றிவிட்டு, ஐந்தடி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்குவார். பத்தடிக்கு ஒரு முறை கம்பியை மண்ணில் ஊன்றுவார். நல்ல மண் ஒரு சாண் வரை விடும். அதற்கு மேல் ‘போதும்’ என்று நிறுத்திவிடும். இறுகிய மண் அரைச் சாணிலேயே முறைக்கும். கோட்டுக்குள்ளே ஒரு இடம் விடமாட்டார். கோட்டுக்கு வெளியே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். “கோட்டுக்கு வெளியில இருக்கறது வெறும் தரை. உள்ள இருக்கறதுதான் மைதானம்” என்பார்.

அந்த வருடம் கம்பி எல்லா இடத்திலும் ஒழுங்காக நின்றது. தெற்குக் கோலுக்கு முன்னால், பெனால்டி பாக்ஸின் இடது மூலையில் மட்டும், ஒரு சாண் போயிற்று, இரண்டு சாண் போயிற்று, பிறகு சட்டென்று கையை இழுத்துக்கொண்டு பிடிவரைக்கும் போயிற்று. கீழே எதுவும் தடுக்கவில்லை. வெளியே எடுத்தபோது கம்பியின் நுனி ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். மக்கிய மர வாடை.

அந்த இடத்துப் புல்தான் மைதானத்திலேயே நல்ல பச்சை.

சுண்ணாம்பு கம்பியின் நுனியைத் துடைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று உலகத்தில் தெரிந்தது அவருக்கு மட்டும்தான். அது ஒரு பெரிய கிணறு. மைதானத்தை நீட்டிய காலத்தில் அதை மூடச் சொல்லி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த அவரிடம் ஒப்படைத்தார்கள். அடியிலிருந்து கல், மேலே செங்கல் உடைசல், அதற்கு மேல் மண். ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். பாதிக் கிணறு வரை கல் வந்தது. அப்புறம் லாரி வரவில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டே நாள். தேர்வுக்கூடத்தின் உடைந்த பெஞ்சுகள் பின்கட்டில் மலைபோலக் கிடந்தன. வெட்டிப் போட்ட மரத்தூர்களும் கிடந்தன. எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். மேலே மூன்றடி மண். அதற்கு மேல் புல். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது.

விழாவுக்கு வந்த பெரிய மனிதர் வேறு இடமே கிடைக்காததுபோல மேடையை அங்கேதான் போடச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்ட ஒரே ஆள் சுண்ணாம்புதான். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவர் மேடையின் கால்களைப் பார்த்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடமும் ஆகவில்லை. பத்து வருடம் போனதும் அவரே மறந்துவிட்டார். பெஞ்சுகள் மறக்கவில்லை. கீழே இருட்டில் நிதானமாக மக்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை அங்கே ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம் தெரிந்தது. ஒரு கூடை மணல் போட்டு நிரவி, புல்லை ஒட்டவைத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் தட்டு தாம்பாளம் ஆகியிருந்தது. இரண்டு கூடை. வாரம் முடியும்போது தள்ளுவண்டி நிறைய மணல் கேட்டது. போட்ட மணல் எங்கே போகிறது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் காலை உணவு இறங்காது.

பயிற்சியாளரம்மாவைத் தெற்குப் பக்கம் வராமல் தடுக்கத் தினம் ஒரு காரணம் வேண்டியிருந்தது. முதல் வாரம் விதை தூவியிருக்கிறேன் என்றார். இரண்டாவது வாரம் எறும்பு மருந்து. மூன்றாவது வாரம் எறும்பு மருந்துக்கு மாற்று மருந்து.

“அண்ணே, நீங்க மைதானம் பார்க்கறீங்களா, நோயாளியைப் பார்க்கறீங்களா?” என்றார் அந்த அம்மாள். பழைய தடுப்பாட்டக்காரி, நிற்கும்போதே எதிராளியை மறிக்கிற தோரணை. “சரி, உள்ள வந்து கோல் வலையை வெச்சிட்டுப் போங்க. இதையும் கொஞ்சம் பாருங்க.”

உடை மாற்றும் அறையில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் மைதானம் வரைந்திருந்தது.

“இந்த சீசன் நம்ம ஆட்டம் முழுக்க இடது பக்கம்தான். கொசு பந்தைக் கொண்டுவருவா...” கொசு என்பது இடது ஓரம் ஆடும் பெண், குட்டை, ஒல்லி, யார் அடித்தாலும் சிக்கமாட்டாள். “கார்னர் கிடைச்சா மத்தவங்க எல்லாரும் ஒரே இடத்துல குவியணும். எதிராளிங்களும் அங்க வந்தே ஆகணும். இருபது பேர் நெரிசல்ல பந்து யார் தலையில படுதுன்னு கடவுளுக்கே தெரியக்கூடாது. குவியற இடம் இது.”

சாக்கட்டியால் பெருக்கல் குறி ஒன்று போட்டார். தெற்குப் பெனால்டி பாக்ஸின் இடது மூலை. அளந்து போட்டதுபோல, கிணற்றின் நட்ட நடு.

“பாதி ஆட்டம் அந்தப் பக்கம்தானே அடிப்போம்? அந்த மூலைப் புல்லு வெல்வெட் மாதிரி இருக்கு. அண்ணே, வீட்ல அண்ணியையாவது இப்படிக் கவனிக்கிறீங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். சுண்ணாம்பும் சிரிக்க முயன்றார். வாய் மட்டும் விரிந்தது.

“இன்னொண்ணு, இதுல ஒரு கையெழுத்து.” லீக் அலுவலகத்தின் படிவம். ‘ஆடுகளம் பாதுகாப்பானது’ என்ற வரிக்குக் கீழே மைதானக்காரரின் ஒப்பம். “மைதானம் இல்லாத டீமுக்கு லீக்ல இடமில்லைன்னு இந்த வருஷம் ரூல். போன மாசம் ஒரு காலேஜைத் தூக்கிட்டாங்க. உங்க கையெழுத்துதான் எங்க சீசன்.”

பதினோரு முகமும் அவரைப் பார்த்தன. ‘பீரோ’ என்று பெயர் வாங்கிய கோல்கீப்பர் தன் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் மணல் ஒட்டியிருந்தது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு ஆயா. கட்டுப் போட்ட கால்களைத் தூக்கி, இறக்கி, துடைத்து, பொய் சொல்கிற நோயாளிகளை இருபது வருடமாகப் பார்த்தவர். அன்று மாலை சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருந்த கணவரையும் அப்படித்தான் பார்த்தார்.

“ஏம்மா, தொடை எலும்பு போனா மறுபடி ஓட முடியுமா?”

“யார் தொடை?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா கேட்கறவங்க கையைக் கழுவிட்டுக் கேட்பாங்க. மூணு வாரமா சட்டைப்பையில மணல், தலையணையில மணல், நேத்து உப்பு டப்பாவுல மணல். வீடு கட்டப்போறீங்களா, இல்ல யாரையாவது புதைச்சிட்டீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. மனைவிக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது: லாரி, பெஞ்சு, பெருக்கல் குறி, கையெழுத்து.

“எவ்வளவு ஆழம்?”

“கல்லுக்கு மேல இருபது அடி இருக்கும்.”

“இருபது அடிக்குத் தொடை எலும்போட நிக்காதுங்க” என்றார் மனைவி. அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் சுண்ணாம்பு தூங்கியிருப்பார்.

சீசனுக்கு ஒரு வாரம் முன்பு கடைசிப் பயிற்சி ஆட்டம். கல்லூரி ஊழியர்கள் பாதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் காவலாளிகூட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு காலத்தில் கல்லூரித் தோட்டக்காரராக இருந்து, முதுகு மடங்கியதும் வாசலுக்கு மாற்றப்பட்டவர். சுண்ணாம்பிடம் மாற்று மருந்துகளும் தீர்ந்திருந்தன. “இன்னைக்கு ரெண்டு பக்கமும் ஆடறோம்” என்று பயிற்சியாளரம்மா சொல்லிவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் தெற்கே திரும்பியது. கொசு இடது ஓரமாகப் பறந்தாள். பந்து தடுப்பவள் காலில் பட்டு வெளியே போயிற்று. கார்னர்.

“குவிங்க!” என்று கத்தினார் பயிற்சியாளரம்மா.

ஒவ்வொருத்தியாக அந்தப் பச்சையை நோக்கிப் போனார்கள். நான்கு பேர். ஏழு பேர். எதிர்த்து ஆடியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தோளோடு தோள் இடித்தார்கள்; எம்பிப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற சுண்ணாம்புக்கு அவர்கள் எம்புவது தெரியவில்லை. இறங்குவது மட்டும்தான் தெரிந்தது. கொசு பந்தை மூலையில் வைத்துக் கையைத் தூக்கினாள்.

அவர் கோடு போடும் வண்டியைப் பிடித்தார். ஆட்டத்துக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போனார்.

“அண்ணா, கோடு அப்புறம் போடலாம்!” என்றாள் ஒருத்தி.

“தள்ளும்மா. எல்லாரும் தள்ளு. அந்தப் பக்கம்... இன்னும்.”

அவர் குரலில் எதுவோ இருந்தது; தள்ளி நின்றார்கள். காலியான புல்லைச் சுற்றி வெள்ளைக் கோடு போட ஆரம்பித்தார். ஆட்ட விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு வட்டம். அகலம் ஆறு தப்படி. இருபத்து மூன்று வருடம் கழித்தும் கிணற்றின் விளிம்பு அவர் காலுக்கு ஞாபகம் இருந்தது.

“அண்ணா, நடுவட்டம் நடுவுல இருக்கணும்! வழி மறந்துட்டீங்களா?” பீரோ வடக்குக் கோலுக்குள்ளிருந்து கத்தினாள். படிக்கட்டில் சிரிப்பு.

சுண்ணாம்பு வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை உருவினார். வட்டத்துக்கு வெளியே மண்டியிட்டு, கையை நீட்டி, கம்பியை ஊன்றினார். பிடிவரைக்கும் போயிற்று. கையை விட்டார்.

கம்பி காணாமல் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, இரும்பு கல்லில் மோதும் சத்தம் கீழிருந்து வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம். பிறகு வட்டத்தின் நடுவில் புல், ஈரத்துணியை யாரோ அடியிலிருந்து மூச்சால் உறிஞ்சியதுபோல, மெல்ல உள்ளே இறங்கியது.

பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். கொசு பந்தைக் கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“கிணறு மேடம். நான்தான் மூடினேன். பாதிக்கு மேல கல்லு இல்ல, பெஞ்சு.” எழுந்து நின்றார். “தெரிஞ்சேதான் கையெழுத்தும் போட்டேன்.”

பயிற்சியாளரம்மா அடித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த அம்மாள் வட்டத்தைப் பார்த்தார். தன் பெண்களை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு வடக்கே திரும்பிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“வேற எங்கயாவது?”

“இல்ல மேடம். ஒரே கிணறு. கோட்டுக்குள்ள மத்த மண்ணெல்லாம் கல்லு மாதிரி. பத்தடிக்குப் பத்தடி குத்திப் பார்த்திருக்கேன்.”

“வடக்குக் கோலுக்குப் பின்னால சும்மா கிடக்குதே நிலம், அது எவ்வளவு நீளம்?”

“அம்பது தப்படி.”

“அப்ப மைதானத்தையே அம்பது தப்படி வடக்கே தள்ளிடுவோம். இந்தப் பக்கம் வேலி போட்டு அடைச்சிடலாம். ஒரு வாரம் இருக்கு. கோடு போடுவீங்களா?”

சுண்ணாம்பு வண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டார். தலையை ஆட்டினார்.

“என்னடி நிக்கறீங்க? சீசன் போகல! போய் வடக்குக் கோலைத் தூக்குங்க!”

பயம் கலைந்ததும் பெண்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பீரோ முன்னால், கொசு பின்னால், எட்டுப் பேர் சேர்ந்து கோல் கம்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கோட்டைத் தாண்டிக் காலி நிலத்துக்குள் நடந்தார்கள். யாரோ எண்ணிக்கை சொன்னாள். மற்றவர்கள் சேர்ந்து தரையை மிதித்துத் தாளம் போட்டார்கள்.

அப்போதுதான் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

“மேடம், அவன் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு.”

“என்ன?”

“ஒரே கிணறுன்னான். ரெண்டு. இவன் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தக் காலி நிலத்துக் கிணத்தை நான் மூடினேன். எனக்குப் பெஞ்சுகூடக் கிடைக்கல. ஹாஸ்டல் மெத்தை.” பெண்கள் போகும் பக்கம் கையைக் காட்டினார். “சத்தம் போட்டுக் கூப்பிடாதீங்க, கம்பத்தைக் கீழ போட்டுட்டு ஓடி வருவாங்க. தூக்கினபடியே திரும்பி, மெதுவா நடந்து வரச் சொல்லுங்க.”