டிரெஸர் மரியதாஸ் மருந்து என்று சொல்லாத செடி

மரியதாஸ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு ரோஜாப்பூப் படத்தோடு வந்து சேர்ந்தது. ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாய் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் பழைய தோட்டத்து ஆட்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் பனித்துளி வழியும் சிவப்பு ரோஜா ஒன்றைப் போட்டு, கீழே 'டிரெஸர் ஐயா காலமானார்' என்று எழுதியிருந்தார்கள். காலையில் பல் விளக்கப் போனவர் குளியலறையிலேயே சாய்ந்துவிட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் கைப்பேசியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்து விழுந்தது: 'ஐயாவின் கைபட்ட அரிய மலை மூலிகை டீ. இருப்பு உள்ளவரை மட்டும்.' அனுப்பியவர் ஜெரோம், அண்ணனின் மனைவி பிலோமினா அக்காவின் தம்பி. உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது அவருடைய நல்ல குணங்களை எழுத வேண்டும் என்பார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் அவரை அறிந்த உங்களிடம் முதலில் இந்த அருவருப்பைத் துப்பிவிடாமல் என்னால் மேலே போக முடியாது. அவரும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் டிரெஸர்தான். ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரியதாஸ் அண்ணன் அப்படி இருந்தார். தோட்டத்தை விற்று அங்கே தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் கட்டத் தொடங்கியதும் அரசாங்கக் கிளினிக்குக்கு வந்துவிட்டார். அங்கே நான் நர்ஸ். எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். ஒரே அறையில் அத்தனை வருடம் வேலை பார்த்தும் அவர் என்னைச் சரோஜா என்று கூப்பிட்டதில்லை, மிஸிதான்.

புண்ணோடு யார் வந்தாலும் அவர் குனிந்து முதலில் முகர்ந்து பார்ப்பார். சீழ் வடியும் காலாக இருந்தாலும் மூக்கைச் சுளிக்க மாட்டார். "பாக்க நல்லாத்தான் இருக்கு, நாத்தம் வேற மாதிரி அடிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க மிஸி" என்பார். நான் அறிந்து அந்த மூக்கு தவறியதில்லை. அதே மனிதர், வாயினிக்கப் பேசிக்கொண்டு சத்து மாவு விற்க வருகிறவனுக்குக் கை கொடுத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவார். புண்ணைத் தொடக் கையுறை மாட்டுகிறவர், அவர்களுக்கும் மாட்டியிருக்கலாமே என்று நான் சீண்டினால், உறை வீணாகிவிடும் என்பார்.

செடிக்கு வருகிறேன். கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் ஒரு சீனர் பூச்செடிக் கடை வைத்திருந்தார். ஐரோப்பாவில் மழை அதிகம் காணாத பாறை மலைகளில் வளரும் ஒரு செடியின் விதையை ஆசைப்பட்டு வாங்கி விதைத்திருந்தார். நம் ஊர் மழையில் எல்லாம் அழுகிப் போக, மிச்சமிருந்த கொஞ்சத்தைக் குப்பையில் கொட்டப் போகும்போது அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். சாம்பல் நிற இலை, பூனையின் காதைத் தொட்டது போலப் பொசுபொசுவென்று இருக்கும். பூத்தால் நீளமாக ஒரு தண்டு கிளம்பி அதில் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூ வைக்கும். அந்த மலைக்காரர்கள் அதைப் பூவோடு ஒடித்துக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பார்களாம். கடைக்காரர் 'மலை டீ' என்றார், நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

மழை படக்கூடாத செடியை ஈப்போவில் எங்கே வைப்பது? வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற கூரைக்குக் கீழே வைத்தார். கார் அன்றிலிருந்து மழையில் நின்றது. கல்லுடைக்கிற இடத்திலிருந்து சுண்ணாம்புக் கல் பொடியை மூட்டையாகக் கொண்டுவந்து, மண் என்று பேருக்கு ஒரு பிடி போட்டு, அதில் நட்டார். பிலோமினா அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. வாடிக் கிடக்கிறதே பாவம் என்று, அண்ணன் ஜெபமாலை சொல்லப் போன நேரம் பார்த்து அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டார். அந்த வரிசை முழுவதும் செத்தது. அண்ணன் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னார், "அது கல்லுல கெடந்து பழகுனது மிஸி. நம்ம பாசத்தைக் காட்டுறோம்னு ஊத்துனா அது என்ன பண்ணும்?" பிறகு வந்தவர்கள் எல்லாரையும் அந்தப் பக்கம் தண்ணீர்க் குவளையோடு போகவிடாமல் பார்த்துக்கொண்டார்.

வருடத்தில் ஒரு தடவை, அதுவும் ஒன்றிரண்டு செடிதான் பூத்தது. பூவும் தண்டுமாக வெட்டிக் காற்றோட்டமான அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பின் போத்தலில் அடைத்து வைப்பார். யாராவது வந்தால் ஒரு தண்டை ஒடித்துப் போட்டுக் கொதிக்கவைத்துச் சீனி இல்லாமல் கொடுப்பார். எனக்கு அது வைக்கோல் ஊறிய தண்ணீர் போலத்தான் இருந்தது. அவரிடமே சொன்னேன், சிரித்தார். குடித்தவர்கள் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், இது எதுக்கு நல்லது என்று. "தாகத்துக்கு" என்பார். இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, கேட்குமா, பிரஷருக்குக் கேட்குமா என்று விடாமல் நச்சரித்தால், குவளையை வாங்கி வைத்துவிட்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்லி அனுப்புவார்.

மருந்து என்ற சொல்லை ஏன் இப்படி வெறுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தோட்டத்தில் சம்பள நாளன்று ஒருவன் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவானாம். போத்தலில் கறுப்பாக ஒரு கஷாயம், அதற்குத் தீராத நோயே கிடையாது. பால்மரம் வெட்டும் பெண் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை. புருஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் அதையே கொடுத்துக்கொண்டிருந்தான். கண் மூடும் நிலையில்தான் அண்ணனுக்குத் தெரிந்தது. ரப்பர் ஏற்றும் லோரியில் அவளைப் படுக்கவைத்துத் தானும் ஏறினார். பாத்து காஜா ஊரைத் தாண்டும் முன்னால் அவர் மடியிலேயே போய்விட்டாள். "அதுகூட இல்ல மிஸி" என்றார் அண்ணன். "அடுத்த சம்பளத்துக்கு அந்த வேன் மறுபடி வந்துச்சு. மொத ஆளா நின்னு வாங்குனவன் அவ புருஷன்." சொல்லிவிட்டுச் சாக்கடையில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

பார்வதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தோட்டத்தில் வெட்டு வேலை பார்த்தவள், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட, தாமானில் ஓர் அறையில் இருக்கிறாள். இனிப்பு நீர், இடது பாதத்தில் ஆறாத புண். அண்ணன் ஓய்வு பெற்ற பின்னும் அவள் அவர் வீட்டுக்குத்தான் வருவாள். இன்சுலின் ஊசி போட்டாச்சா என்று கேட்பார். போட்டேன் என்றால் நம்ப மாட்டார், ஊசி குத்திய தடத்தைப் பார்க்க வயிற்றைக் காட்டச் சொல்வார். பிறகு காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, எல்லாம் முடிந்ததும் மலை டீ ஒரு குவளை கொடுப்பார். மற்றவர்களுக்கு எண்ணி எண்ணிக் கொடுக்கிறவர் அவளுக்கு மட்டும் தவறாமல் கொடுத்தார். அவளும் சீனி போட்ட காப்பிக்கு ஏங்காமல் அதைக் குடித்துவிட்டுப் போவாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். வாசலில் மேசை போட்டு ஜெரோம் நின்றிருந்தார். மேசை நிறையப் பச்சைப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் அண்ணன் வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பிரியாவிடை விருந்தில் எடுத்த படம், பக்கத்தில் நின்ற என்னை வெட்டியிருந்தார்கள். என் முழங்கை மட்டும் அவர் விலாவுக்கு அருகே மிச்சம் இருந்தது. 'டாக்டர் மரியதாஸ் மலை மருந்து' என்று பெயர். இனிப்பு நீர், பிரஷர், மூட்டு வலி, ஆறாத புண் என்று கீழே வரிசை. அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன்னை டாக்டர் என்று சொல்லவிட்டதில்லை. யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துவார்.

கார் கூரைக்குக் கீழே பார்த்தேன். ரப்பர்க் குழாய் ஒன்று திறந்தபடி கிடந்தது. ஜெரோம் சீக்கிரம் தழைக்கட்டும் என்று காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, கோழி உரமும் கொட்டியிருக்கிறார். செடி எல்லாம் கறுத்து நொதநொதவென்று சாய்ந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. அப்படியானால் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன இலை? பிரித்து முகர்ந்தேன். எனக்குப் பழக்கமான வாசம் இல்லை. இன்றுவரை அது என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்டதற்கு ஜெரோம் மூலிகை என்றார்.

வேறொரு நாற்றம் அப்போதுதான் என் மூக்கில் ஏறியது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பார்வதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டு எல்லாரும் தள்ளி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியவர்களில் நம் குழுவில் கும்பிடும் கைகள் அனுப்பியவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூட அவள் காலை எட்டிப் பார்க்கவில்லை. நான் குனிந்து கட்டை அவிழ்த்தேன். பொட்டலத்து இலையை அரைத்துப் புண்ணில் அப்பியிருந்தாள். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டிருந்தன. ஊசி போடுகிறாயா என்று கேட்டேன்.

"நிறுத்திட்டேன் மிஸி. அதான் மருந்து வந்துருச்சே. ஐயா எனக்கு அப்பவே குடுத்துட்டுத்தானே இருந்தாரு? ஊசியெல்லாம் பேச்சுக்கு, இந்தத் தண்ணிலதான் நான் இருந்திருக்கேன்னு இப்பதான் வெளங்குச்சு."

ஜெரோமைப் பார்த்து என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "நாங்க கால்ல போடச் சொல்லலியே லா, அவங்களா போட்டுக்கிட்டா நாங்க என்ன பண்றது" என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கூடவே ஒரு பொட்டலத்தை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். அண்ணனைப் போல நான் கை கழுவப் போகவில்லை. பார்வதியை என் காரில் ஏற்றி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவள், ஐயா வீட்டில் சண்டை போடாதீங்க மிஸி, அவர் ஆத்மா வருத்தப்படும் என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரண்டு விரலையும் எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். பிலோமினா அக்கா வார்டுக்கு வந்தார். கட்டைப் பார்த்தார், கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். "அவரு பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான் மிஸி படத்தைக் குடுத்தேன்" என்றார்.

அன்று மாலை குழுவில் அக்காவின் குரல்பதிவு ஒன்று வந்தது. அக்கா அதுவரை அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நான் பிலோமினா. எங்க வீட்டுக்காரரு டாக்டர் இல்ல, டிரெஸர். அவரு வச்சிருந்த செடி மருந்து இல்ல. அந்தச் செடியும் செத்துப் போச்சு. என் தம்பி விக்கிறது வேற எதோ எலை. அதை நம்பி பார்வதிக்கு ரெண்டு வெரலு போச்சு. வாங்குனவங்க குப்பையில போடுங்க, மாத்திரையை நிறுத்துனவங்க நாளைக்கே கிளினிக்குப் போங்க." அவ்வளவுதான், அழவில்லை. ஜெரோம் குழுவிலிருந்து வெளியேறினார். பிறகு ஒருவர் அதே பனித்துளி ரோஜாவை அனுப்பினார், கும்பிடும் கைகள் வரிசையாகத் தொடர்ந்தன. கைப்பேசியை வீசி எறியலாம் போல் இருந்தது. மறுநாள் ஒருவர் எனக்குத் தனியாக எழுதி, மூட்டு வலிக்காவது அதைக் குடிக்கலாமா என்று கேட்டார்.

மரியதாஸ் அண்ணனிடமிருந்து உனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்கிறார்கள். அவருடைய செடி என்னிடம் இல்லை, இனி யாரிடமும் இல்லை. படமும் வேண்டாம், அதைப் பார்த்தால் பொட்டலம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அவர் விட்டுப் போனது பார்வதியின் இடது கால். அவள் இப்போது என் வீட்டுக்கு வருகிறாள். முதலில் வயிற்றைக் காட்டச் சொல்கிறேன். பிறகு குனிந்து முகர்கிறேன். போன வெள்ளிக்கிழமை நாற்றம் இல்லை.