பினாயில் கணக்கு

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பின்னால் கல்வி அலுவலகம். பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"திரும்பிப் பாக்காத மக்கா," என்றாள். அவள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே எனக்குப் பாடப்புத்தகக் கட்டுகளை ஏற்றி இறக்கும் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன் செய்த கல்விச் சேவை! அக்காவுக்குத் துப்புரவு வேலை. நான் வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே.

போன மாதம் டிரான்ஸ்பர் சீசன். பழைய கணக்கர் போனார், வெளிமாவட்டத்திலிருந்து புதியவர் வந்தார். நல்ல மனிதர்... டீக்குக்கூடச் சொந்தக் காசுதான். செலவுகளைப் பார்த்துத் திகைத்தார் — இந்தச் சின்ன ஆபீஸுக்கு மாதாமாதம் இவ்வளவு பினாயிலா? நிறுத்தினார். சிக்கனத்துக்காக மேலிடத்தில் பாராட்டும் வாங்கினார்.

அந்தப் பினாயில்தான் ஸ்டெல்லா அக்கா.

துப்புரவுக்கு ஆள் வைக்க அனுமதி இல்லை. பினாயில் வாங்க அனுமதி உண்டு. ஆகவே பினாயில் என்று பில் போட்டு அக்காவுக்குச் சம்பளம் கொடுத்தார் பழையவர். அவருக்கு முந்தையவரும் அப்படித்தான். ஆபீஸே அறிந்த வழக்கம். புதியவருக்குச் சொல்லத்தான் எல்லோரும் மறந்துபோனார்கள். சொன்னபோது அவர் பயந்துவிட்டார். "பொய் பில்லுல நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

அதுவும் நியாயம்தானே?

அக்கா சண்டை போடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை காலி. அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள்.

"இஞ்ச வேலை பாத்தேன்னு ஒரு பேப்பர் மட்டும் தாங்க சாரே."

"எதை வச்சும்மா தர்றது? உங்க பேரு எங்கயுமே இல்லையே..." கணக்கர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்.

"நான் தூத்துப் பெருக்குன தரையிலதான சாரே நிக்கிய?"

அவர் குனிந்து பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து நீயே கொஞ்சம் பெருக்கிடுப்பா."

"நான் எந்தக் கணக்குல சார் இருக்கேன்?"

"லாரி வாடகை."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவோடு இறங்கிவிட்டேன்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்த அக்கா சிரித்தாள். "லாரியும் போச்சு, பினாயிலும் போச்சு... இனி ஆபீஸ் நாறட்டும்லே." முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடியப்பட்டணத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலையில் சேர்ந்தேன். கூலி நோட்டில் எழுத முதலில் பெயரைக் கேட்டார்கள்.

இரண்டு முறை சொன்னேன்.