காலேஜ்காரிக்கு ஒரு ஹைஸ்கூல் நம்பர்

எங்கள் பக்கத்தில் பத்தாவது முடித்த மறுநாளே பிள்ளைகள் பெரிய மனுஷர்கள் ஆகிவிடுவார்கள். பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற இடத்துக்கு ஆந்திராவில் ஜூனியர் காலேஜ் என்று பெயர். அதில் ஜூனியரை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. என் மகளும் சொல்லவில்லை. நகரியில் பத்தாவது முடித்து, நாங்கள் திருச்சானூருக்குக் குடிவந்து, திருப்பதியில் இன்டர் என்கிற அந்தப் பதினொன்றாவதில் சேர்ந்த அன்றே இரட்டைப் பின்னலை அவிழ்த்துவிட்டாள்.

"காலேஜுக்கு யாராவது ரெட்டை ஜடை போட்டுக்கினு போவாங்களாம்மா?"

டிபன் பாக்ஸும் வேண்டாமாம், கேன்டீனில் துன்னுக்குவாளாம். நான் கூடப் போனால் அதைவிடக் கேவலம். ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் தெருமுனையிலேயே என்னை நிறுத்திவிட்டு, என்னைத் தெரியாதவள் மாதிரி விறுவிறுவென்று நடப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் லாட்ஜில் மேனேஜராக இருக்கும் என் வீட்டுக்காரர், ரூம் கேட்டு வருகிறவர்களிடம்கூட "நம்ம பொண்ணு காலேஜ் படிக்குது" என்று சொல்லிப் பூரித்துப்போகிற மனுஷர். இரண்டு பேருக்கும் நடுவில் என் பேச்சு எங்கே எடுபடும்?

இந்தக் காலேஜ்காரிக்குக் கல் மேல் ஆசை. திருமலை அடிவாரத்து அலிபிரியில் எல்லாரும் மலையேறுகிற அவசரத்தில் இருக்க, இவள் மட்டும் பாறையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது, பாறையைப் பற்றிப் படிக்க அமெரிக்கா போகிறேன் என்றாள். கல்லைப் படிக்கக் கடல் தாண்டணுமா என்று நாத்தனார் கேட்டாள். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். ஆனால் நாத்தனார் கேட்டுவிட்டதால் நான் மகள் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அங்கே சேருவதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. சென்னையில் போய் எழுதலாம். இடங்கள் மளமளவென்று நிரம்பிக்கொண்டிருந்தன; அந்த வாரத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் இந்த வருஷம் அமெரிக்கப் பேச்சையே எடுக்க முடியாது. அவள் லேப்டாப்பைத் திறந்து பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் போட்டுவிட்டாள். அப்புறம் ஒரு கட்டம் வந்தது. உங்கள் ஹைஸ்கூலின் கோடு நம்பர் என்ன? ஆறு இலக்கம்.

ஹைஸ்கூல் என்றால் எங்களுக்கு நகரிப் பள்ளிக்கூடம்தான். அவர்கள் கொடுத்திருந்த பட்டியலில் நகரி என்று தேடினோம். ஒன்றும் வரவில்லை. மறுநாள் நானும் அவளும் புத்தூர் வழியாக பஸ் பிடித்து நகரிக்கே போய்விட்டோம். தலைமையாசிரியர் பாசமாகத்தான் பேசினார். பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் கொடுத்த எண்ணைச் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். அது ரயில் மாதிரி நீளமாக இருந்தது. அந்த ஆறு இலக்கக் கட்டத்தில் அடங்காது.

"இது இல்லன்னா நமக்குத் தெரியாதும்மா. அதான் பொண்ணு காலேஜ் போய்ட்டாளே, அங்கயே கேட்டுக்குங்க" என்றார்.

காலேஜில் கேட்டோம். பிரின்சிபாலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதி காலேஜி அம்மா, ஸ்கூல் காது" என்றார் தெலுங்கில். பள்ளிக்கூடம் இல்லையாம் இது, காலேஜாம். ஹைஸ்கூல் நம்பர் வேண்டுமென்றால் பத்தாவது படித்த இடத்தில் கேட்கணுமாம். அங்கிருந்துதான் சார் வருகிறோம் என்றேன். நான் சொன்ன விதம் மகளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னோடு சண்டை போட்டாள்.

வீட்டுக்கு வந்து, லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படி என்று அதட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அம்மா, அவங்க ஊர்ல பன்னெண்டாவது வரைக்கும் ஹைஸ்கூல்தானாம். நம்ம காலேஜைத்தான் கேக்கறாங்க."

உடனே திருப்பதி என்று போட்டுத் தேடினாள். நாலைந்து பெயர்கள் வந்தன. அவளுடைய காலேஜ் மட்டும் இல்லை. கீழே இன்னொரு கட்டம் இருந்தது: என் பள்ளி பட்டியலில் இல்லை. அதைத் தொட்டால் வேலை முடிந்தது. தொட மாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்கூலே இல்லாத பொண்ணுன்னு நெனைச்சிக்க மாட்டாங்களா அவங்க?"

கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக எதற்கும் கலங்காதவள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"திருப்பதிய வுட்டுத் தொலை. சித்தூர்னு போடு. சித்தூர்லருந்து திருப்பதி மாவட்டத்தைப் பிரிச்சது நமக்குத்தான் தெரியும், அமெரிக்காக்காரனுக்கு இன்னா தெரியும்? என் ஆதார்லயே இன்னும் சித்தூர்தான் இருக்குது."

போட்டாள். வந்துவிட்டது. பட்டியலில் சேர்த்த புண்ணியவான் ஊர் என்ற இடத்தில் பழைய மாவட்டத்தை எழுதிவைத்திருக்கிறார். காலேஜின் முழுப் பெயர், பக்கத்தில் ஆறு இலக்கம், எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பாக ஹைஸ்கூல். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சென்னையில் இடமும் கிடைத்துவிட்டது.

வேலை முடிந்து வந்த அவள் அப்பாவிடம் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப நீ இன்னும் ஸ்கூல்தானா? ஊரெல்லாம் காலேஜ்னு சொல்லிக்கினு இருக்கறனே!"

"போ நைனா" என்று அவளும் சிரித்தாள்.

நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். பெண் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டாள், இனி கடலும் தாண்டிவிடுவாள் என்ற பயம் இரண்டு வருஷமாக எனக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கோ இருக்கிற ஒரு பட்டியல், இவள் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டது. போகத்தான் போகிறாள். ஆனால் இன்னும் போகவில்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேர்வு நாளன்று, சென்னைக்கு பஸ் பிடிக்க இரண்டு மணிக்கே எழுந்து நான் எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். சீப்பும் ரிப்பனுமாக வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த ரிப்பனை எங்கே வைத்திருந்தாளோ தெரியாது.

"ரெட்டை ஜடை போட்டு வுடும்மா. ஹைஸ்கூல் பொண்ணுதானே நானு."

கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னினேன். வலிக்குது என்றாள், தலையை நகர்த்தவில்லை. டிபன் பாக்ஸையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சென்னையில் தேர்வு நடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ நின்றது. பழக்கதோஷத்தில் நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். நாலு எட்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கயே இன்னா நின்னுக்கினு கீற? கேட் வரைக்கும் வா."