பத்தொன்பது இன்ச் சரிங்க

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் நான்கு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கவேண்டிய அளவு. முதல் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே காருக்கு மாட்டும் அலாய் வீல், பத்தொன்பது இன்ச், பளபளவென்று தங்க நிறம். மற்ற மூன்றிலும் அதேதான். நான் ஆர்டர் கொடுக்கவில்லை. தங்க நிறத்தில் தங்கத்தைத் தவிர வேறு எதையும் நான் வாங்கியதே இல்லை.

"ஏனுங்க, இதை யாரு கொண்டாரச் சொன்னது?" என்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"அந்தக் கடைக்காரர் கேட்டாரு அம்மணி. நான் சரிங்கன்னு சொன்னேன்."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால் சம்மதம் என்று எழுதி வைத்திருக்கவில்லை. காதில் விழுந்தது என்றாலும் சரிங்கதான், பேசினது போதும் கிளம்புங்கள் என்றாலும் சரிங்கதான். ஒருவர் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது எங்களுக்குக் கைநீட்டி அடிக்கிற மாதிரி. அதற்காகத்தான் பார்க்கலாங்க, கேட்டுச் சொல்றனுங்க, ஊட்ல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாரனுங்க என்று பெரியவர்கள் பல தினுசாகச் செய்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கடன் வேண்டுமா என்று போன் பண்ணும் பெண்ணுக்கும் சரிங்க. கல்லூரியில் அவரிடம் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் பரீட்சையைத் தள்ளி வைக்கச் சொன்னாலும் சரிங்க. காரில் போகும்போது போனில் வழி சொல்கிற குரல் இடதுபுறம் திரும்பவும் என்றால், ஓட்டுவது நான், பதில் சொல்வது அவர்.

எனக்கு அந்தச் சுபாவம் கிடையாது. நான் சிங்காநல்லூரில் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். அங்கே சரிங்க சரிங்க என்று உட்கார்ந்திருந்தால் இரும்பு வியாபாரி துருப்பிடித்ததை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவான்.

நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். ரெண்டே கதவு. தரையோடு தரையாக இருக்கும், ஏறி உட்காருவதற்கு இடுப்பு ஒத்துழைக்கவேண்டும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மகனுக்கா என்று கேட்டார்கள். மீதிப் பேருக்கு எங்களுக்கு மகன் இல்லை, ஒரே மகள் என்று தெரியும், அதனால் மருமகனுக்கா என்று கேட்டார்கள். உனக்கா என்று யாரும் கேட்கவில்லை.

போத்தனூர் தாண்டி, ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சொந்தக் காரை ஓட்டலாம். ஒரு தடவை உள்ளே விட்டால் இருபது நிமிஷம். நானும் போனேன். மூன்று ரவுண்டு அமோகமாகப் போனது. நாலாவது ரவுண்டில் நீளமான நேர் பாதை முடிந்து வளைவு வருகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன், பெடல் பிசைந்து வைத்த மாவில் கால் வைத்ததுபோல் உள்ளே போய்விட்டது. கார் நிற்கவில்லை. வளைவை விட்டுப் புல்லுக்குள் இறங்கி, புழுதி கிளப்பிக்கொண்டு வெகுதூரம் போய் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி வைத்து இழுத்து வந்தார்கள். சூடு ஆறியதும் பெடல் பழையபடி நின்றது. அங்கே நின்றிருந்த இளவட்டங்களில் ஒருவன், "ஆன்ட்டி, பொறுமையா ஓட்டுங்க, அவசரமே இல்லை" என்றான். அவசரமில்லை என்றால் ரேஸ் டிராக்கில் எதற்கு நிற்கிறாய் என்று கேட்க நினைத்தேன். வாய் முழுக்கப் புழுதி, அதனால் தப்பித்தான். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு வந்தால்தான் இனிமேல் உள்ளே விடுவோம் என்று அங்கே பொறுப்பில் இருந்தவர் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் எனக்காக வேப்பமரத்து நிழலில், மடித்த பேப்பரோடு காத்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திரும்பும் வழியில் நானே சொன்னேன்.

"பிரேக்கு, வீலு, டயரு மூணையும் மாத்திப்போட்டு அடுத்த மாசம் மறுபடி வாரதா இருக்கறனுங்க. இருவது நிமிஷமும் முழுசா ஓட்டோணும்."

"சரி அம்மணி."

அந்தச் சரி எனக்கு மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை கைவந்த கலை. போய் ஓட்டு என்று மனதாரச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இது ரெண்டில் எது என்று இருபத்தேழு வருஷம் கூடக் குடியிருந்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு தலையாட்டுகிற மனுஷனை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நான் எவ்வளவு வேகமாக ஓட்டி என்ன ஆகப்போகிறது? அவருக்கும் இஷ்டம் இருந்தால்தான் போவது, இல்லாவிட்டால் காரை விற்றுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்றுதான் தெரியுமே.

அந்த வார சனிக்கிழமைதான் காந்திபுரத்தில் ஒரு வீல் கடைக்குப் போனோம். பிரேக்கும் அவர்களே வரவழைத்துத் தருவார்கள். கடைக்காரர் பரம மரியாதைக்காரர். வாங்க வாங்க என்று எழுந்து நின்று, எனக்கு நாற்காலியையும் என் வீட்டுக்காரருக்கு வியாபாரத்தையும் கொடுத்தார். நான் கேள்வி கேட்பேன், பதில் அவருக்குப் போகும்.

"உள்ளே பெரிய பிரேக் டிஸ்க் போட்டா இந்த வீல் இடிக்காதுங்களா?" இது நான்.

"சார், இது லேட்டஸ்ட் மாடலுங்க. உங்க காருக்கு அம்சமா இருக்குமுங்க." இது அவர்.

"சரிங்க." இது வேறு யார்.

நடுவில் பட்டறையிலிருந்து போன் வந்தது. லேத் மிஷினில் ஏதோ கோளாறு. சத்தத்தில் காது கேட்காமல் கடைக்கு வெளியே வந்து, டவுன் பஸ் ஹாரன்களுக்கு நடுவில் பத்து நிமிஷம் கத்திவிட்டு உள்ளே போனேன். அந்தப் பத்து நிமிஷத்தில் பத்தொன்பது இன்ச்சுக்கு ஒரு சரிங்க, தங்க நிறத்துக்கு ஒரு சரிங்க, வீட்டு விலாசம் சொல்லுங்க சார் என்றதற்கு விலாசமும் ஒரு சரிங்கவும் போய்விட்டிருக்கிறது. கடைக்காரரும் உள்ளூர் ஆள்தான், எந்தச் சரிங்க எந்த ரகம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தவர்தான். ஆனால் வியாபாரி.

வாசலில் அந்த வீல்கள் கிடந்த ரெண்டு நாளும் வீதியே வந்து பார்த்துவிட்டுப் போனது. பால்காரர் எந்தக் கோயில் தேருக்கு என்று கேட்டார். எதிர்வீட்டு அம்மா வருஷக்கணக்கில் என்னோடு பேசாதவர், அவரே வந்து, வெயில் பட்டால் மங்கிவிடும், உள்ளே வையுங்கள் என்றார்.

ஒன்றைக் காரில் போட்டு சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பிரேக் மெக்கானிக்கிடம் நாங்கள் ரெண்டு பேரும் எடுத்துப்போனோம். என் பட்டறைக்கு வேலை கொடுக்கிறவர்தான், என் வயதுதான் இருக்கும். வீலைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை நான் சொல்லக்கூடாதுங்க," என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஒருத்தர் இப்படி ஆரம்பித்தால் உண்மை வரப்போகிறது என்று அர்த்தம். "கல்யாண ஊர்வலத்துக்கு நல்லா இருக்குமுங்க. பெரிய வீல் மாட்டினா டயர் பட்டை மெலிசாப் போயிருமுங்க. நம்மூரு ஸ்பீடு பிரேக்கர் ரெண்டு ஏறி இறங்குனா வீல் கோணிக்குமுங்க. கனமும் ஜாஸ்தி. அத்தனை கனத்தைச் சுத்தவும் வெக்கோணும், நிறுத்தவும் செய்யோணும். பாவம் பிரேக்கு."

பிறகு ஒரு அட்டையை எடுத்து, நான் போட நினைத்திருந்த பிரேக்கின் அளவைக் கேட்டு, அதன் வடிவத்தை அப்படியே வெட்டினார். அதை வீலுக்குள் வைத்துப் பார்த்தார். அத்தனை பெரிய வீலுக்குள்ளும் இடித்தது. அழகுக்காக ஆரக்கால்களை உள்பக்கமாக வளைத்து விட்டிருந்தார்கள்.

"மொதல்ல பிரேக்குங்க. பிரேக்கை மூடுற அளவுக்கு வீலு. வீலுக்குத் தகுந்த டயரு. மாப்பிள்ளையைப் பார்த்துட்டுத்தான் சட்டை தைக்கோணுங்க. நீங்க சட்டையைத் தைச்சுப்போட்டு மாப்பிள்ளை தேடறீங்க."

நான் தைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "சரிங்க" என்றார்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்கு இதே பேச்சுதான். முன்பக்கம் எந்த அளவு டிஸ்க், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பருக்கு எத்தனை பிஸ்டன், சூட்டில் கொதிக்காத பிரேக் ஆயில் எது, அந்த ஆயில் போகிற பழைய ரப்பர் ஓஸை எடுத்துவிட்டு இரும்பு பின்னிய ஓஸ் போட்டால் பெடல் எப்படிக் கெட்டியாக நிற்கும். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சரி, சரி என்பார். சில சமயம் கையில் செடிகொடிப் புத்தகம் இருக்கும். சுவரோடு பேசுகிறோம் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை நான்கு பெட்டிகளையும் ஒரு வாடகை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அட்டை பிரேக்கை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். சரிங்க சொன்னவர் வாயாலேயே வேண்டாமுங்க சொல்லவேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் வரும் வரைக்கும் அவர் வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். சிக்னலில் பூ விற்கும் பெண் ஜன்னலண்டை வந்தாள். அவளுக்கு ஒரு வேண்டாமுங்க சொல்லி ஒத்திகை பார்க்கட்டும் என்று விட்டேன். ரெண்டு முழம் மல்லிகை வாங்கினார்.

கடைக்காரர் டீ வரவழைத்தார். "வீல் எப்படிங்க சார் இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் டீ டம்ளரை மேசைமேல் வைத்த சத்தத்தில் கடைக்காரருக்கே புரிந்துவிட்டது. நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் நாலு பெட்டியையும் இறக்கி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் அட்டையும் கையுமாகக் கடையைச் சுற்றினேன். கடைசியில் பதினேழு இன்ச்சில், கனமில்லாத, ஆரக்கால் நேராக இருக்கிற ஒரு சாம்பல் நிற வீலில் அட்டை இடிக்காமல் உட்கார்ந்தது. டயருக்குக் கடைக்காரர் சத்தம் வராதது, ரொம்ப நாள் உழைப்பது என்று ஒன்றைக் காட்டினார். எனக்குச் சீக்கிரம் தேய்ந்தாலும் ரோட்டைக் கவ்விப் பிடிக்கிறது வேண்டும் என்றேன். அது ஒருவழியாக முடிந்தது. பிரேக்குக்கு வந்தோம்.

கடைக்காரர் வழக்கம்போல் என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"சார், பிரேக்கு செட்டெல்லாம் ரேஸ் ஓட்டறவிங்களுக்குங்க. மேடம் ஓட்டறதுக்குக் கம்பெனி போட்டுக்குடுத்த பிரேக்கே போதுமுங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. வார்ப்பிரும்பை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன் என்று தொடங்கி, அந்தக் கடை இருக்கும் வீதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேச எல்லாம் தயாராக இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து வரப்போகிற சரிங்கவை எதிர்பார்த்துத்தான் ஒரு நொடி நிறுத்தினேன்.

"பத்தாதுங்க," என்றார் அவர்.

கடைக்காரர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "சொல்லுங்க சார்?" என்றார்.

"பத்தாதுங்க. இவிங்க ஓட்டி நீங்க பார்த்ததில்லீங்க." டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாலாவது ரவுண்டுல பிரேக்கு போச்சுங்க. நான் கம்பிவேலிகிட்ட நின்னு பார்த்துட்டே இருந்தனுங்க. அந்த வேகத்துலயும் கார் ஒரு சுத்துச் சுத்தலீங்க, ஆடலீங்க, நேராக் கொண்டுபோய் நிறுத்துனாங்க. எனக்கு உசுரே இல்லீங்க. ஆனா அதுக்கு முன்னால மூணு ரவுண்டும் பார்த்தனுங்களே, அத்தனை பசங்க ஓட்டுனதுல ஒருத்தனும் அப்படி ஓட்டலீங்க. இவிங்க மறுபடியும் போகோணுங்க. அதுக்கு இந்தப் பிரேக்கு பத்தாதுங்க."

மரத்தடியில் பேப்பரோடு இருந்தார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே போனதும் எழுந்து, அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து, வேலிக்குப் போயிருக்கிறார். நான் திரும்புவதற்குள் ஓடிவந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காந்திபுரத்தில், டயர் நாற்றத்துக்கு நடுவில், ஐம்பதை நெருங்கும் வயதில் இது தேவையா என்று கோபமும் வந்தது.

கடைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பில் நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க மேடம். முன்னாடி டிஸ்க் என்ன சைஸுங்க?"

வாயைத் திறந்தேன். எத்தனையோ நாளாகத் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்த அளவு, ஒரு எண்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பையில் அளவு எழுதி வைத்த சீட்டைத் தேடினேன்.

"முந்நூத்தி இருவத்தெட்டு எம்எம்முங்க," என்றார் என் வீட்டுக்காரர். "நாலு பிஸ்டனுங்க. ஓஸு ரப்பர் வேண்டாமுங்க."