சாமியார் என்று தேடச் சொன்னேன்

ஆண்டவர் எனக்குச் செய்ததை அவர் பிள்ளைகளான உங்களிடம் சொல்கிறேன். எனக்கு எழுத அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு நின்றவள்.

போன வருடம் தவக்காலத்தில் என் வீட்டுக்காரர் சவரிமுத்து இறந்தார். துவாக்குடி பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. கிரேன் சங்கிலி அறுந்து தகடு மேலே விழுந்தது. குடித்துவிட்டு அடியில் போய் நின்றார் என்று பட்டறையில் எழுதிவிட்டார்கள். பக்கத்தில் பாட்டில் கிடந்ததாம். அவர் குடியை விட்டுப் பல வருடம் ஆகிறது. யார் கேட்டார்கள்?

என் மகள் ரீட்டா கேட்டாள். "அப்பா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாராம்மா?" அதன்பிறகு சாயங்கால ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டாள். அவர் செத்ததைவிட அது வலித்தது.

கூட வேலை செய்த வேலு, நடந்ததை எழுதித் தருகிறேன் என்றான். ஸ்ரீரங்கத்தில் மைதிலி அம்மாவின் டைப் கடைக்குப் போனோம். நஷ்டஈடு கேட்டு நான் கொடுத்த மனுவும் முன்பு அங்கேதான் அடித்தது.

"அக்கா, நீங்க வெளிய இருங்க. உங்க முன்னாடி வாய் வராது" என்றான் வேலு.

வாசலில் நின்றேன். சொல்லி முடித்ததும் அவனுக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. முகம் மாறிவிட்டது. "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்க்கா" என்று போனான். அதன்பிறகு போனை எடுக்கவேயில்லை.

மைதிலி அம்மா பிரிண்ட் பட்டனை அழுத்தினார், தாள் வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் டைப் அடித்த பக்கம் வெளுத்துப்போய் அசையாமல் நின்றது.

"சேவ் பண்ணலையாம்மா?" என்று கேட்டேன்.

"பிரிண்ட் வந்தப்புறம்தான் பண்ணுவேன். இப்ப இதை மூடினா எல்லாம் போயிடும்."

"அவன் என்ன சொன்னான்?"

"கை அடிக்கும், மனசுல நிக்கறதில்லை. தினம் எத்தனை பேர் இங்க வந்து அழறா!"

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த தன் தம்பி ரகுவைக் கூப்பிட்டார். அவர் வந்து, "நல்லவேளை, மூடலை. அடிச்சதெல்லாம் இன்னும் கம்ப்யூட்டரோட நினைவுல இருக்கும்" என்றார். அதை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்தார். திறந்தால் முழுக்கக் குப்பை எழுத்து.

சவரிமுத்து என்று தேடினார். விவரம் பார்க்க மைதிலி அம்மா அன்று திறந்து வைத்திருந்த என் பழைய மனு வந்தது. கிரேன், சங்கிலி, பாட்டில். எதைத் தேடினாலும் மனுதான் திரும்பத் திரும்ப வந்தது.

"உங்க மனுவுல இல்லாத வார்த்தை வேணும்மா. அந்த ஆள் மட்டும் சொல்லியிருக்கற வார்த்தை."

எனக்கென்ன தெரியும்? கடைப் படியில் உட்கார்ந்தேன். மாதாவே, ஒரு வார்த்தை கொடு என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஒருநாள் வேலை முடிந்து வந்து, "இன்னைக்கும் சாமியாருக்கு ஊறுகா மட்டுந்தான்" என்று சிரித்தது மனசில் வந்தது. குடிக்கமாட்டார், சாப்பிடுமுன் சிலுவை போடுவார் என்று பட்டறையில் வைத்த கேலிப் பெயர். எனக்கு அந்தப் பெயரே ஆகாது.

"சாமியார்னு தேடுங்க தம்பி."

வந்தது. ரகு வாசித்தார்.

"சாமியாரு குடிக்கமாட்டாரு. சங்கிலி தேஞ்சிருக்குன்னு காலையிலேயே சொன்னாரு. யாரும் காதுல வாங்கல. பாட்டில் அவர் செத்தப்புறம் வந்தது. வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நான்தான் வாங்கியாந்தேன்."

ரகு அதை மட்டும் தனியாக எடுத்தார். பிரிண்ட் போட்டு என் கையில் கொடுத்தார்.

வேலு வீட்டுக்குக் கொண்டுபோனேன். படித்தான். "நான் இப்படிச் சொல்லவேயில்லக்கா" என்று கதவைச் சாத்தினான். கையெழுத்து இல்லாத தாள் கேஸுக்கு ஆகாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். பட்டறைக் கணக்கில் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் குடிகாரர்தான்.

ஆனால் ரீட்டா படித்தாள். அன்று சாயங்கால ஜெபத்தில் அப்பா பெயரை அவளே சொன்னாள். எனக்கு அது போதும்.

நானும் மாறியிருக்கிறேன். என் பிள்ளைக்கு மட்டும் ஜெபித்தவள், இப்போது வேலு பெயரையும் சொல்கிறேன். வாய்தான் சொல்கிறது. மன்னிக்க இன்னும் மனசு வரவில்லை. அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வார்த்தை கொடுத்தவர் மனசையும் கொடுப்பார். நீங்களும் கேளுங்கள். எனக்கு ஆகாத அந்தப் பெயரைப்போல, கிடைப்பது கசப்பாக இருந்தாலும் கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மாதாவுக்கு நன்றி.