அண்ணாவுக்கு நான்காவது சீட்

ஞாயிறு காலை எட்டரை, டோம்பிவிலி. மாதுங்காவுக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் ஒண்டிக்கொள்வது மும்பை லோக்கல் ரயிலின் வழக்கம். நான் ஒண்டியதும் பக்கத்தில் இருந்தவன், “க்யா அண்ணா, இட்லி கஹான் ஹை?” என்று இட்லி எங்கே எனக் கேட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கணக்கு எழுதுகிறவன், இட்லி விற்றதில்லை. விற்றாலும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இங்கே ‘அண்ணா’ என்பது உறவு இல்லை, தென்னாட்டுக்காரனுக்கு வைத்த பட்டப்பெயர். வந்த நாளிலிருந்து அலுவலகத்திலும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அதனால்தான் இன்று மாதுங்காவில் அறை தேடிப் புறப்பட்டேன். தமிழர் நடுவில் ஓர் அறை கிடைத்தால் நானும் இந்த ஊரில் ஒரு மனிதன் என்றாகும். இல்லையென்றால் தூத்துக்குடிக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

மாதுங்காவில் பூக்கடைகளைத் தாண்டி ஒரு மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் பாலக்காட்டுப் பூர்வீகம். காபி தந்தார், நல்ல காபி.

“தூத்துக்குடியா, சந்தோஷம். நம்மவாதானே?”

“தமிழன்தான் சார்.”

“அதைக் கேக்கலை. தப்பா எடுத்துக்காதேள், பில்டிங்ல எல்லாரும் ஒரே மாதிரி.”

ரயிலில் பட்டதைவிட இது சுட்டது. இருந்தாலும் காபியைக் குடித்துவிட்டே எழுந்தேன். அதை ஏன் விட வேண்டும்?

அங்கிருந்து தாராவிக்கு நடந்தேன். தொண்ணூறு அடி சாலையில் ஒரு டீக்கடை.

“வாங்க அண்ணாச்சி,” என்றார் கடைக்கார அக்கா. அந்த ஒரு சொல்லில் மனம் குளிர்ந்துவிட்டது. ஊரைக் கேட்டார், தன் ஊரையும் சொன்னார். “எனக்கு நாங்குநேரி. பொறந்தது இங்கனதான், ரெண்டு தடவதான் போயிருக்கேன். அதுக்கென்ன, கேட்டா அதத்தான் சொல்லுவேன்.”

அறை இருக்கிறதா என்றேன்.

“இருந்திச்சு. கொழுந்தன் குடும்பம் வந்துட்டாவ.”

அப்போது தோல் பட்டறையில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவர் வந்தார். “ஏ தம்பி, சாய் லே!” என்று அக்கா கிளாசை நீட்டினார். பிறந்ததிலிருந்தே தன் பெயர் தம்பிதான் என்பதுபோல் அவரும் வாங்கிக்கொண்டார்.

மாலை ஐந்து மணி, சயான் நிலையம். திரும்பும் ரயிலில் இந்த முறை எனக்கு முழு இடம். குர்லாவில் ஏறிய ஒருவன் என் தோளைத் தட்டினான்.

“ஏ அண்ணா, சரக்.” தள்ளி உட்காரச் சொல்கிறான்.

“போல் தம்பி,” என்றேன், உரக்க. சொல்லு தம்பி என்று.

“தம்பி க்யா?”

“சோட்டா பாய். மை அண்ணா, தோ தூ தம்பி.” நான் அண்ணா என்றால் நீ தம்பிதானே.

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

அறை கிடைக்கவில்லை. அதற்காக ஊருக்குத் திரும்ப மாட்டேன். யாராவது என்னைத் தம்மவன் என்று சொல்லட்டும் என்று இனி வாசல் வாசலாக ஏறி இறங்கவும் மாட்டேன். நகர்ந்து, நான்காவது ஆளுக்கு இடம் விட்டேன்.

“பைட் தம்பி.”

உட்கார்ந்தான்.